மஞ்சள் தண்ணீர் எங்கே போகிறது?

நான்கு வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. வெள்ளாற்றங்கரையில், சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்தால் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஒரு சின்ன ஊர். பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அந்த ஊர்க்காரர்கள் "எங்க ராஜா பேரை மட்டும் ஏன் வுட்டுட்டீங்க?" என்று சண்டைக்கு வந்துவிடுவார்கள். ஒரு காலத்தில் அது ஒரு குறுநில ராஜாவின் தலைநகரம். இன்று பேரூராட்சி. நான் அங்கே என்ஜினியராக மாற்றலாகிப் போனேன்.

பஸ்ஸில் "அரண்மனை, அரண்மனை" என்று கண்டக்டர் கத்தியதும் ஆர்வமாக எட்டிப் பார்த்தேன். ஒரு புரோட்டா கடை, ஒரு மொபைல் கடை, கட்டிப்போட்ட இரண்டு ஆடு. "அரண்மனை எங்கங்க?" என்று கேட்டதற்குப் பக்கத்து சீட்டுக்காரர், "இதோ, எல்லார் வூட்லயும்தான் இருக்கு" என்றார். அப்போது புரியவில்லை. ஊருக்குள் நடந்தபோதுதான் தெரிந்தது. இடிந்த அரண்மனையின் செங்கல்லை ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். தட்டையான, அகலமான பழைய கல். துணி துவைக்கும் இடத்தில் அது, வாசற்படியில் அது, கோழிக்கூட்டில்கூட அதுதான்.

தெருப் பெயர்களும் அப்படித்தான். யானைகட்டித் தெரு, லாயத் தெரு, அந்தப்புரத் தெரு. முடிவெட்டுகிறவர் தன் முன்னோர் ராஜாவுக்குச் சவரம் செய்தவர் என்பார். டீக்கடைக்காரர் வம்சம் ராஜாவுக்குப் பால் ஊற்றிய வம்சம். நான் விசாரித்த வரையில் அந்த ஊரில் சும்மா இருந்தவன் வம்சம் என்று ஒன்று கிடையவே கிடையாது. எனக்கு வாய் ஜாஸ்தி. "அப்ப ராஜாவுக்கு வரி கட்டினவன் வம்சமெல்லாம் எங்கங்க போச்சு?" என்று டீக்கடையில் கேட்டுவிட்டேன். அன்றைக்கு எனக்கு வந்த டீயில் சர்க்கரையே இல்லை.

ஊருக்கு இரண்டு அதிசயங்கள் இருந்தன. ஒன்று, அந்தப்புரத் தெருவின் கடைசியில், வேப்பமரத்தடியில் இருந்த சுரங்கம். தரையிலிருந்து சரிவாக உள்ளே இறங்கும், செங்கல் வளைவு வைத்துக் கட்டிய வாய். ஓர் ஆள் குனிந்து நுழையலாம், நாலடி போனால் மண் மேடு, அதற்கு மேல் ஆள் நுழைய முடியாத ஒரு சந்துதான். அந்த வழியாகத்தான் ராணி சிதம்பரம் கோயிலுக்குப் போய் நடராஜரைத் தரிசித்துவிட்டு வருவாளாம். ஒருமுறை உள்ளே போன ஆடு, சிதம்பரத்தில் சிவகங்கைக் குளத்தில் கழுத்து மணியோடு எழுந்து வந்ததாம். "அந்த ஆடு அங்கேருந்து எப்படிங்க திரும்பி வந்துச்சு, பஸ்லயா?" என்று கேட்டால் முறைப்பார்கள்.

இன்னொன்று ஆற்றங்கரைப் படித்துறை. படிகளுக்குப் பக்கவாட்டில், கருங்கல் கட்டிய ஒரு சின்னப் பொந்து அறை. ராணி குளித்துவிட்டுப் புடவை மாற்றிய இடம் என்பார்கள். அந்த இடத்துக்குள் ராணியால் நிமிரக்கூட முடியாது. எந்தப் பெண்ணாவது அப்படி உட்கார்ந்தபடி புடவை கட்டுவாளா? மதியம் அந்தப் படியில் உட்கார்ந்து சோற்று டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் இதையே யோசித்துக்கொண்டிருப்பேன். உள்ளே எப்போதும் ஈரமாகப் பாசி பிடித்துக் கிடக்கும்.

நான் சேர்ந்த இரண்டாம் வாரம் ஆடிப்பெருக்கு. மற்ற ஊர்களில் நேராக ஆற்றுக்குப் போவார்கள். இங்கே அந்தப்புரத் தெருப் பெண்கள், முதலில் ஆளுக்கொரு குடம் மஞ்சள் கரைத்த தண்ணீரோடு சுரங்கத்து வாயில் கூடினார்கள். ரோடு வேலைக்கு அளவெடுக்கப் போன என்னையும் இழுத்து நிறுத்தி, கையில் ஒரு குடத்தைக் கொடுத்துவிட்டார்கள். ஒருத்தர் குடம் காலியாவதற்குள் அடுத்தவர் ஊற்ற ஆரம்பிக்க வேண்டும். நடுவில் தண்ணீர் அறுந்தால் குற்றம். முப்பது முப்பத்தைந்து குடம் தடதடவென்று உள்ளே போயிற்று. கடைசிக் குடம் முடிந்ததும் கடைசி வீட்டு அம்மா குனிந்து, சுரங்கத்துக்குள் பார்த்து மூன்று தடவை உரக்கக் கேட்டார்.

"வந்துச்சா? வந்துச்சா? வந்துச்சா?"

"யாரைங்க கேக்குறீங்க?" என்றேன்.

"ராணியத்தான். சிதம்பரம் போயி சேந்துச்சான்னு கேக்கறது."

"பதில் வருமா?"

"நாங்க வாக்கப்பட்டு வந்ததுலேருந்து வரல" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். பதிலுக்குக் காத்திருக்காமல் காதோலை கருகமணித் தட்டுகளை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போய்விட்டார்கள். எனக்கு அந்தக் கேள்வி மட்டும் ரொம்பப் பிடித்துப்போனது. வீட்டுக்கு வந்து, சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்து வரும் கணவரைப் பார்த்து ஒரு வாரம் "வந்துச்சா? வந்துச்சா?" என்று கேட்டு வம்பிழுத்தேன். சம்பளத்தைக் கேட்கிறேனோ என்று அவர் பயந்தார்.

புரட்டாசியில் அந்தத் தெருவுக்குப் பேவர் பிளாக் ரோடும் சைடு கால்வாயும் போட்டோம். வேலையை நின்று பார்த்துப் பார்த்துச் செய்தேன். ரோடு ஓர் அடி உயர்ந்தது, அதனால் கடைசி வீடுகள் கொஞ்சம் பள்ளத்தில் போயின. "தண்ணிதான் சைடு கால்வாயில போயிடுமே" என்று எல்லோருக்கும் தைரியம் சொன்னேன். வேலை முடிகிற சமயம் ஒரு கன்றுக்குட்டி சுரங்கத்து வாயில் கால் மாட்டிக்கொண்டு கத்தியது. நாலு பேர் சேர்ந்து தூக்கினோம். நாளைக்கு ஒரு குழந்தை விழுந்தால் யார் பதில் சொல்வது? அன்றே முடிவு செய்தேன். மிச்சமிருந்த கான்கிரீட்டை வைத்து வாயை மூடிவிடுவது.

மேஸ்திரி தயங்கினார். "எஸ்டிமேட்ல இல்லியே மேடம். ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே."

"எஸ்டிமேட்ல அந்தச் சுரங்கமே இல்லீங்க. இல்லாத ஒண்ணை மூடுறதுக்கு யாரைக் கேக்கணும்?" என்றேன். எங்கள் வேலையில் அப்படி ஒரு பழக்கம். காகிதத்தில் வராத எதுவும் மண்ணிலும் கிடையாது.

கடைசி வீட்டு அம்மா, "அப்ப ஆடிக்கு மஞ்சத்தண்ணிய எங்க ஊத்துறது?" என்று கேட்டார்.

"ஆத்துலயே ஊத்துங்கம்மா. எல்லாம் ஒண்ணுதான்" என்றேன். எவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே அப்போது தெரியாது.

இன்னொருவரும் வந்தார். அந்தத் தெருவைப் பெருக்கும் தூய்மைப் பணியாளர். முப்பத்தைந்து வயதிருக்கும், நாலு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசுகிறவர். வருடா வருடம் தீபாவளிக்கு முன்னால் அந்த வாயில் சேர்ந்த மண்ணையும் வேப்பஞ்சருகையும் வாரிப் போடுவது அவர்தான். யாரும் சொல்லிச் செய்கிற வேலை இல்லை. கலவை கொட்டப் போகும் நேரத்தில் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"மேடம், அந்த வாயில காத்து வரும். உள்ளாரேருந்து ஆத்து வாசனை அடிக்கும். அதை அடைக்காதீங்க."

நான் சிரித்தேன். "ராணி, ஆடு, நடராஜர் எல்லாம் கேட்டாச்சு. உன் பங்குக்கு நீயும் ஒரு கதை சொல்றியா?" என்றேன். மேஸ்திரியின் ஆட்களும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பத்து நிமிடத்தில் வாய் மூடியாயிற்று. கம்பி கட்டாமல் போட்ட ஸ்லாப். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கார்த்திகையில் மழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் கொட்டியது. மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு அந்தத் தூய்மைப் பணியாளரிடமிருந்துதான் போன். எனக்கு அதுவரை அவர் போன் செய்ததே இல்லை.

"மேடம், அந்தப்புரத் தெருவுல இடுப்பு வரைக்கும் தண்ணி. கடைசி வூட்ல பச்ச ஒடம்புக்காரி மாட்டிக்கிச்சு. வாங்க."

அவசரத்தில் கையில் கிடைத்த மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, கணவரின் பைக்கில் உட்கார்ந்து போனேன். வழியெல்லாம் எனக்கு ஒரே எண்ணம். நான் போட்ட கால்வாய் இருக்கிறதே, தண்ணீர் எப்படித் தேங்கும்? போய்ப் பார்த்தால், என் கால்வாயில் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் உள்பக்கமாக! பெரிய தெருச் சாக்கடை நிரம்பி, அந்தத் தண்ணீரும் என் கால்வாய் வழியே இந்தத் தெருவுக்குள் வந்துகொண்டிருந்தது. வந்த தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் தெருக்கோடியில் குளமாக நின்றது. கணவரைத் தீயணைப்பு நிலையத்துக்கு ஓடச் சொல்லிவிட்டு இறங்கினேன்.

கடைசி வீட்டு அம்மாவின் மகள் பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்தாள். ஆபரேஷன் செய்து பிறந்த குழந்தை, பிறந்து பதினோரு நாள். அம்மா, மகள், குழந்தை மூன்று பேரும் உள்ளே. அரண்மனைக் கல்லை மண் சாந்தில் அடுக்கிய சுவர், இரண்டு நாளாக ஊறி வாசல் பக்கம் விரிசல் விட்டு இறங்கியிருந்தது. இறங்கிய சுவர் நிலைப்படியை அழுத்த, கதவு அசையவில்லை. இருந்தது ஒரே கதவு. ஜன்னலில் நெருக்கமான கம்பி. தெரு ஆட்கள் கடப்பாரையோடு கதவை உடைக்க நின்றார்கள்.

நான் ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன். "தொடாதீங்க! சுவரைத் தாங்கிக்கிட்டு நிக்கிறதே அந்த நிலைதான். உடைச்சா மொத்தமும் உள்ள விழும்."

"அப்ப ஓட்டப் பிரிச்சிடலாம்" என்றார் ஒருவர். அந்த ஓட்டுக்கூரை உட்கார்ந்திருந்ததும் அதே சுவரின் மேல்தான். ஏறினால் முடிந்தது. படித்த படிப்பெல்லாம் 'இதைச் செய்யாதே, அதைச் செய்யாதே' என்று சொன்னதே தவிர, எதைச் செய்வது என்று சொல்லவில்லை. ஜன்னல் வழியே பார்த்தேன். கட்டிலுக்குக் கீழே நாலு நாலாகக் கல் வைத்து உயர்த்தியிருந்தார்கள். கட்டில் சட்டத்தைத் தண்ணீர் தொட்டுவிட்டது. அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, குழந்தையை மார்போடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அம்மா என்னைப் பார்த்தார்.

"தண்ணி கால்வாயில போயிடும்னியே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த ஒரு வாக்கியம் இன்றும் என் காதில் இருக்கிறது.

அப்போது பின்னாலிருந்து தூய்மைப் பணியாளர் என் கையைப் பிடித்து இழுத்தார். "இங்க வாங்க மேடம். அங்க நின்னு ஒண்ணும் ஆவாது." வேப்பமரத்துப் பக்கம் கூட்டிப் போனார். ஒரே செம்மண் குழம்பு. எங்கே மூடினேன் என்று எனக்கு அடையாளமே தெரியவில்லை. அளவுப் புத்தகத்தில் ஏற்றாத வேலை, வரைபடத்திலும் குறிக்கவில்லை. மூடினவளுக்கே இடம் தெரியாத நிலைமை. அவர் கையை நீட்டினார்.

"அங்க பாருங்க. மூச்சு வுடுது."

தண்ணீரின் மேல் ஓரிடத்தில் மட்டும் குமிழ் குமிழாக வந்துகொண்டிருந்தது. ஸ்லாப் ஓரத்தில் எங்கேயோ மயிரிழை விரிசல். அதன் வழியே தண்ணீர் உள்ளே கசிய, உள்ளிருந்த காற்று வெளியே வந்துகொண்டிருந்தது. உள்ளே காற்று இருக்கிறதென்றால் உள்ளே இடம் இருக்கிறது. ஆற்று வாசனை வருகிறதென்றால் அந்த இடம் ஆறு வரைக்கும் போகிறது! காற்று வரும், ஆற்று வாசனை அடிக்கும் என்று அவர் சொன்னது கதையே இல்லை. ஊரில் எல்லோரும் எனக்குக் கதை சொன்னார்கள், இவர் ஒருவர்தான் விவரம் சொன்னார். நான் அதையும் கதைக் கணக்கில் சேர்த்துவிட்டேன்.

மேஸ்திரி வீடு பக்கத்துத் தெருதான். கூப்பிட்டதும் சம்மட்டியும் கடப்பாரையுமாக வந்தார். வேப்பமரத்தில் கயிற்றைக் கட்டி, அவர் இடுப்பிலும் தூய்மைப் பணியாளர் இடுப்பிலும் முடிச்சுப் போட்டோம். எனக்குக் கயிறு மிச்சமில்லை. நான் மேடான பக்கமாக நின்று, குமிழ் வரும் இடத்தில் கடப்பாரையை நிறுத்திப் பிடித்தேன். மேஸ்திரி அடித்தார். ஆறாவது அடியோ ஏழாவது அடியோ, ஸ்லாப் அப்பளம் மாதிரி நொறுங்கியது. கம்பி கட்டாமல் போட்டேன் என்றேன் அல்லவா? என் சர்வீஸில் நான் செய்த தப்புகளிலேயே உருப்படியான தப்பு அது ஒன்றுதான்.

அடுத்த நொடி என்ன நடந்தது என்று கோர்வையாகச் சொல்ல முடியவில்லை. காலடியில் தண்ணீர் திருகிக்கொண்டு இறங்கியது. கடப்பாரை கையை விட்டுப் போயிற்று. என் வலது கால் அதன் பின்னாலேயே போனது. இடுப்பு வரை இறங்கிவிட்டேன். தூய்மைப் பணியாளர் பாய்ந்து என் மழைக்கோட்டின் கழுத்தைப் பிடித்தார். பட்டன் தெறித்துக் கோட்டு கழன்று வந்தது. அதை விட்டுவிட்டு என் பின்னலை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்து இழுத்தார் பாருங்கள், இன்றைக்கும் தலை வாரும்போது அந்த இடம் வலிப்பது போல ஒரு பிரமை. கோட்டு சுழியில் இரண்டு சுற்றுச் சுற்றி உள்ளே போய்விட்டது. நான் வேப்பமரத்தடியில் கிடந்தேன். மேஸ்திரி கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார், யாரை என்று தெரியவில்லை.

தண்ணீர் இறங்குவதை எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். சுவரில் ஈரக்கோடு ஒவ்வொரு கல்லாகக் கீழே வந்தது. கட்டில் கால் தெரிந்தது, பிறகு அடியில் வைத்த கல் தெரிந்தது. ஒன்றரை மணி நேரத்தில் வாசற்படி வெளியே வந்துவிட்டது. பலகையும் சவுக்குக் கட்டையும் வைத்துச் சுவருக்கு முட்டுக் கொடுத்து, கதவைக் கீல் பக்கமாக அறுத்து எடுத்தோம். அந்தப் பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி வந்தார்கள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அது தூங்குவதைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது. தெருவே பார்க்க, வாய்விட்டு அழுதேன்.

இதற்குள் இன்னொரு கூத்து. என் மஞ்சள் மழைக்கோட்டு படித்துறையில், ராணி புடவை மாற்றும் அறையிலிருந்து தண்ணீரோடு பீறிட்டு வெளியே வந்து விழுந்திருக்கிறது. நல்லவேளை, ஆற்றில் அன்று இன்னும் பெருவெள்ளம் வரவில்லை, வந்திருந்தால் அந்த வழியாக ஆறே தெருவுக்குள் ஏறியிருக்கும். அங்கே நின்றவர்கள் கோட்டைப் பார்த்ததும், "என்ஜினியரம்மா போயிட்டாங்க" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள். தீயணைப்பு வண்டியோடு வந்த என் கணவர் காதிலும் அது விழுந்தது. தெருமுனையிலிருந்து மனிதர் அழுதுகொண்டே ஓடிவந்தார். என்னைக் கண்டதும் நின்று, மூச்சு வாங்க ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "அந்தக் கோட்டு என்னுது" என்றார்.

மாலையில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது அப்பா ஞாபகம் வந்தது. நான் கடலூர் ஓ.டி.காரி, துறைமுகத்தை ஒட்டிய பழைய டவுன். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர். எங்கள் வம்சத்தில் முதல் என்ஜினியர் நான். ஒருநாள் அப்பா, கயிறு நைந்திருக்கிறது என்று மேற்பார்வையாளரிடம் சொன்னார். 'உனக்கென்ன தெரியும், தூக்கு' என்றார்கள். கயிறு அறுந்தது, அப்பாவுக்கு இரண்டு விரல் போயிற்று. அந்த மேற்பார்வையாளரை நான் பார்த்ததே இல்லை, ஆனால் சின்ன வயதிலிருந்து மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். அன்று அந்த ஆளின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. வேறு எப்படிச் சொல்ல?

தூய்மைப் பணியாளரிடம் போனேன். "நீங்க அன்னிக்கே சொன்னீங்க. நான் கேக்கல. மன்னிச்சிடுங்க" என்றேன்.

"என்னா மேடம், புதுசா நீங்க நாங்கன்னுட்டு" என்று கூச்சப்பட்டார். பிறகு, "முடிய புடிச்சு இழுத்துட்டேன், வலிக்குதா?" என்று கேட்டார்.

நடந்ததை நடந்தபடி எழுதி அலுவலகத்தில் கொடுத்தேன். மெமோ வந்தது, வாங்கிக்கொண்டேன். சுவரைக் கட்டிக்கொடுத்தோம். தையில் சுரங்கத்தின் இரண்டு முனையிலும் மண் வாரி, அளவெடுத்து, வாயில் இரும்புக் கிராதி போட்டு, முதல்முறையாக ஊர் வரைபடத்தில் ஏற்றினோம். 'பழைய மழைநீர் வடிகால்' என்று எழுதும்போது ராணிக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்திருக்கும். தெரு முழுக்க என்னிடம் பேசியது. கடைசி வீட்டு அம்மா மட்டும் பேசவில்லை. என்னைக் கண்டால் உள்ளே போய்விடுவார். நியாயம்தான்.

வைகாசியில் தண்ணீர்த் தொட்டியில் கசிவு பார்க்கப் போயிருந்தோம். எங்கே ஒழுகுகிறது என்று தெரியாவிட்டால் சாயப்பொடியைக் கரைத்து மேலே ஊற்றிவிட்டு, கலர் எங்கே வருகிறது என்று கீழே ஓர் ஆளை நிறுத்துவோம். நான் மேலே சாயத்தை ஊற்றிவிட்டு, கீழே நின்றவரைப் பார்த்துக் கத்தினேன்.

"வந்துச்சா?"

கத்திய வாய் அப்படியே நின்றுவிட்டது. மஞ்சள் தண்ணீர். அறுந்துபோகாமல் ஊற்ற வேண்டும். கடைசியில் ஒரு கேள்வி. இது பூஜை மட்டுமா? மழைக்கு மூன்று மாதம் முன்னால், ஆடியில், வடிகால் அடைத்திருக்கிறதா என்று ஊரே சேர்ந்து செய்கிற சோதனை இல்லையா? அடைத்திருந்தால் ஐப்பசிக்குள் வாரிவிடலாமே! அந்த முனையில் பதில் சொல்ல ஓர் ஆள் நின்றிருக்க வேண்டும். ராஜா போனார், அரண்மனை போயிற்று, அந்த ஆளும் எப்போதோ நின்றுபோனார். இந்த முனையில் கேட்பது மட்டும் நிற்கவில்லை. இதை எந்த ஏட்டிலும் நான் பார்க்கவில்லை. என் ஊகம்தான். ஆனால் அன்று முழுக்க வேலையே ஓடவில்லை.

அந்த வருட ஆடிப்பெருக்கு அன்று காலையிலேயே படித்துறைக்குப் போய், ராணியின் அறைக்கு எதிரே உட்கார்ந்துவிட்டேன். தூய்மைப் பணியாளர் தெருவில். இருவர் கையிலும் போன்.

"ஊத்த ஆரம்பிச்சாச்சு மேடம்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "மொதக் கொடம் யாரு தெரியுமா? புள்ளக்காரிதான். புள்ளய இடுப்புல வெச்சிக்கிட்டே ஊத்துச்சு. அதோட அம்மாதான் குடத்த தூக்கிக் குடுத்துச்சு" என்றார்.

போனில் குடங்கள் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு எதிரே கல்லும் பாசியும்தான். ஒரு தவளை உட்கார்ந்து என்னையே பார்த்தது. குடச் சத்தம் நின்றது. ஒன்றும் வரவில்லை. அடைத்துக்கொண்டதோ? என் ஊகமே தப்போ? படித்துறையில் குளிக்க வந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். அந்தப் பக்கம் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. கடைசி வீட்டு அம்மாவின் குரல் கேட்டது. எட்டு மாதத்துக்குப் பிறகு அவர் குரலைக் கேட்கிறேன்.

"வந்துச்சா? வந்துச்சா?"

மூன்றாவது தடவை அவர் கேட்பதற்குள் பாசியின் மேல் ஒரு கோடு இறங்கியது. முதலில் கலங்கல் என்றுதான் நினைத்தேன். கையால் தொட்டு முகர்ந்தேன். மஞ்சள்! விரல் அகலம், பிறகு கை அகலம், பிறகு படியெல்லாம் மஞ்சள். நாற்பது வயதுக்காரி, அரசாங்க வேலையில் இருக்கிறவள் என்பதெல்லாம் மறந்துபோய், "வந்துடுச்சும்மா! வந்துடுச்சு!" என்று ஆறே கேட்கும்படி கத்தினேன்.

போனில் யாரோ குடத்தைக் கீழே போட்ட சத்தம் கேட்டது. எத்தனை காலமாகக் கேட்டுவந்த கேள்வி, முதல்முறையாகப் பதில் வந்தால் திடுக்கென்றுதானே இருக்கும். பிறகு தெரு மொத்தமும் குலவையிட்டது. அதற்கு நடுவில் கடைசி வீட்டு அம்மா, "வந்துடுச்சாம்டி! அந்த என்ஜினியரம்மாவ சாப்பாட்டுக்கு இங்க வரச் சொல்லு, ஆத்தங்கரைல ஒக்காந்து டப்பாவத் தொறக்கப் போவுது" என்றது தெளிவாகக் கேட்டது.

இப்போது வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டேன். ஆடிப்பெருக்கன்று மட்டும் லீவு போட்டுவிட்டுப் படித்துறையில் போய் உட்கார்ந்துகொள்கிறேன், பதில் சொல்ல அங்கே ஓர் ஆள் வேண்டுமே. மற்றபடி எந்த ஊரில் எந்த வேலை என்றாலும், வரைபடத்தை விரிப்பதற்கு முன்னால் அந்தத் தெருவைப் பெருக்குகிறவரைத் தேடிப் போய், "சொல்லுங்க, நான் கேக்குறேன்" என்று நிற்கிறேன். நிற்கும்போதெல்லாம் தலையில் அந்தப் பின்னல் பிடித்த இடம் லேசாக வலிக்கிறது.